காகிதத்தின் பின்பக்கம்

போன ரஜபு மாதம் சென்னையிலிருந்து கூரியரில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உம்மா வழியில் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளைப் பையன் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். உறையைப் பிரித்ததுமே கையில் கனம் தெரிந்தது. பஞ்சு போல மெத்தென்ற தடித்த அட்டை, பளபளப்பே இல்லாத வெள்ளை, அதில் கருநீல எழுத்து. அந்த எழுத்து காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, உள்ளே இறங்கியிருந்தது. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் குழி. பையனுக்குப் போன் போட்டேன். "லெட்டர்பிரஸ் மாமா, மெஷின்ல ஒவ்வொண்ணா கையால வெச்சு அடிச்சது" என்றான். ஒரு பத்திரிகைக்கு என்ன விலை என்றும் சொன்னான். அந்தக் காசுக்கு என் தாய்மாமா ஒரு காலத்தில் முழுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை அடித்துக் கொடுத்து, மீதிக்கு எனக்கு பரோட்டாவும் வாங்கித் தந்திருப்பார்.

கீழக்கரைக்குப் போனபோது அதை மாமாவிடம் காட்ட எடுத்துப் போனேன். நிஜத்தைச் சொன்னால், அவரை மகிழ்விக்கப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு. உங்கள் தொழில் செத்துவிடவில்லை, பட்டணத்துப் பிள்ளைகள் தேடிப் போய்ச் செய்கிறார்கள் என்று சொல்ல வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். பின்பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"யாரு அடிச்சது? புதுப் பையனா?"

இந்தக் கேள்வி நாலைந்து மாதமாக என்னை விடவில்லை.

மாமாவின் அச்சகம் எழுபதுகளின் நடுவில் தொடங்கி 1998 வரை நடந்தது. கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் ஒற்றை அறை. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் ஒன்று, எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் நாலு மரக் கேஸ், மண்ணெண்ணெய் வாடை. மிதியை மிதித்தால் பெரிய சக்கரம் சுற்றும். மேலே வட்டத்தட்டில் தடவிய மையை ரோலர்கள் எடுத்துக்கொண்டு இறங்கி எழுத்தின் மேல் ஓடும். மாமா வலது கையால் ஒரு தாளை உள்ளே வைப்பார். மெஷினின் வாய் மூடித் திறக்கும். இடது கையால் அதை எடுப்பார். வாய் மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கை பழகியவர் மணிக்கு ஆயிரம் சொச்சம் அடிப்பார்கள். மாமாவின் இடது கை நடுவிரலுக்கு நகம் கிடையாது. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கோடை விடுமுறையில் எனக்கு அங்கே வேலை, பிரித்துப் போடுவது. எழுத்துகளைக் கோர்த்துக் கட்டிய பாரத்தை, அடித்து முடித்ததும் மண்ணெண்ணெயில் துடைத்து, எழுத்தை ஒவ்வொன்றாக அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கோர்ப்பதில் இருக்கிற மரியாதை இதில் கிடையாது. ஆனால் இதில் தப்பு செய்தால்தான் கோர்ப்பவருக்கு விபரீதம். தமிழுக்கு அறைகள் நூற்றைம்பதைத் தொடும். ககரத்துக்கு மட்டுமே க, க், கி, கீ, கு, கூ என்று ஆறு. 'ர'வும் துணைக்காலும் ஒரே சாடை. நான் 'ர'வைக் காலின் அறையில் போட்டுவிட, அது புரூஃபில் சிரித்துக்கொண்டு வந்து நிற்கும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறியிருப்பதால் தலைகீழாகப் பிடித்துப் படிக்கப் பழக வேண்டும். எனக்கு இன்றைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் செய்தித்தாளைத் தடையில்லாமல் படிக்க வரும். அந்த அச்சகத்திலிருந்து நான் எடுத்து வந்த ஒரே திறமை அதுதான்.

தொடணும், குத்தக் கூடாது

மாமாவிடம் வேலைக்குச் சேரும் பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் வசவு ஒன்று உண்டு. அடித்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். மேடு தட்டுப்பட்டால் போச்சு. "எழுத்து பேப்பரத் தொடணும்டா, குத்தக் கூடாது" என்பார். முன்பக்கத்தில் மை கறுப்பாக, சீராக விழ வேண்டும். பின்பக்கம் ஒன்றுமே நடக்காதது போலிருக்க வேண்டும். அதுதான் நல்ல அச்சு.

அது எளிதாக நடக்கிற காரியம் இல்லை. கேஸில் இருக்கும் எழுத்துகள் ஒரே வயதுடையவை கிடையாது. 'ம'வும் 'த'வும் 'க'வும் நிறைய வேலை பார்த்துத் தேய்ந்திருக்கும். 'ஔ' வாங்கிய நாளிலிருந்து சும்மா படுத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுந்தும், ஒன்று மங்கும். மங்குகிறதே என்று மொத்த அழுத்தத்தையும் கூட்டினால் நல்ல எழுத்து காகிதத்தைத் துளைக்கும். அதனால் தாள் உட்காரும் தகட்டின் மேலுள்ள பேக்கிங் காகித அடுக்கைப் பிரித்து, மங்கின எழுத்து விழுகிற இடத்தில் மட்டும் சிகரெட் பெட்டியின் உள்தாளைத் துளியளவு கிழித்து மைதாப் பசையில் ஒட்டுவார். ஒரு தாள் அடித்துப் பார்ப்பார். திருப்பித் தடவுவார். இன்னொரு துளி ஒட்டுவார். ஐந்நூறு பத்திரிகையை அரை மணி நேரத்தில் அடித்துவிடலாம். அதற்கு முன்னால் இந்த ஒட்டு வேலை ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். எங்கள் ஊரில் இதோடு கடலும் சேர்ந்துகொள்ளும். ரோலர்கள் வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் சேர்த்து வார்த்தவை. வாடைக் காலத்து ஈரக்காற்றில் அவை ஊறிப் பருத்து, மையை எழுத்தின் பக்கவாட்டில் அப்பும். கோடையில் இளகும். இரும்பு ஒரு இரவு எண்ணெய் படாமல் இருந்தால் காலையில் செம்மண் பூத்திருக்கும்.

இத்தனை பாடும் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது இந்தச் சென்னைப் பத்திரிகையை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் கணக்கு பிடிபட்டது. எழுத்துதான் மாமா போட்ட முதல். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி மூன்றும் கலந்து வார்த்த எழுத்து, எழுத்து வார்க்கும் பவுண்டரியிலிருந்து எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கியது. ஓங்கி அடித்தால் அது தேயும். தேய்ந்தால் முதல் தேய்ந்தது. வட்டிக்கு வாங்கின காசைக் காகிதத்தில் அழுத்திக் குழி பறிக்க எவனுக்கு மனசு வரும்? அந்தச் சென்னைப் பத்திரிகையில் ஈய எழுத்தே கிடையாது. பையனிடம் விசாரித்தேன். கம்ப்யூட்டரில் வடிவமைத்து, அதை ஒரு பாலிமர் தகடாக எடுத்து, பழைய மெஷினில் பொருத்தி அடித்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தகடு குப்பைக்குத்தான் போகும். தேய்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வேண்டுமட்டும் அழுத்தலாம். அழுத்தினால்தான் கையால் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியும்.

மாமாவோ கை வைத்த அடையாளமே தெரியாமல் இருக்க இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர்.

ஹ பஞ்சம்

இதைச் சொல்லாமல் எங்கள் ஊர் அச்சகத்தைப் பற்றி எழுதவே முடியாது. பவுண்டரிக்காரர்கள் எழுத்தை ஒரு விகிதம் வைத்து அனுப்புவார்கள்: 'ம' இத்தனை, 'ன்' இத்தனை, 'ஹ' வெகு சில. பொதுத் தமிழுக்கு அந்த விகிதம் சரி. கீழக்கரைக்கு எப்படிச் சரியாகும்? 'அல்ஹாஜ் முஹம்மது ஷாஹுல் ஹமீது' என்று ஒரு பெயர் எழுதினால் ஒரே வரியில் மூன்று 'ஹ', ஒரு 'ஹு' காலி. பத்திரிகையில் இப்படி இரு வீட்டாரும், அவர்களுடைய அண்ணன் தம்பிகளும், அழைக்கிறவர்களும், பாதிப்பேர் ஹாஜியார்களுமாக வரிசையில் நிற்பார்கள். மாமா தனியாகச் சொல்லிவிட்டு, கூடுதல் காசு கொடுத்து, மொத்தம் இருபத்து நாலு 'ஹ' வைத்திருந்தார். அதுவும் போதாது.

போதாதபோது சிலருடைய ஹமீது அமீதாகிவிடும். ஷாஹுல் சாகுலாகும். யாருக்கு 'ஹ', யாருக்கு 'அ' என்பதை மாமாதான் முடிவு செய்வார். வயது, வசதி, முன்பணம் எல்லாம் அதில் கலந்திருக்கும் என்று உம்மா கேலி செய்வார். ஒரு தடவை பெண் வீட்டுக்காரர் ஒருவர் பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார். "மாப்பிள்ளை வீட்டு ஹாஜியாருக்கெல்லாம் ஹ போட்டுருக்கிய. எங்க வாப்பாவுக்கு மட்டும் அ போட்டா என்ன அர்த்தம் காக்கா?" மாமா பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து காலி அறையைக் காட்டினார். எங்கள் சொந்தத்திலேயே உடன்பிறந்த இருவரில் ஒருவர் ஹமீதாகவும் ஒருவர் அமீதாகவும் ரேஷன் கார்டு வரைக்கும் போனதற்கு, அவர்களுடைய கல்யாணப் பத்திரிகைகள் வெவ்வேறு மாதத்தில் அடிக்கப்பட்டதுதான் காரணம் என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

பத்திரிகையின் தலைப்பில் வரும் பிஸ்மில்லாஹ் வேறு கதை. அரபுக்கு எழுத்து வாங்கிக் கட்டுபடியாகாது. ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அதனால் அதற்கு மட்டும் மரக்கட்டையில் அறைந்த துத்தநாக பிளாக். வருஷக்கணக்கில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதே ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு கீறல் உண்டு. எந்த வீட்டுப் பழைய பத்திரிகையிலும் அந்தக் கீறலைப் பார்த்தால் மாமா அடித்தது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் அரபு எழுத்தை அச்சிடுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. உம்மம்மா வைத்திருந்த, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் கிதாபைக் கையால் எழுதியது என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வரிகள் இழுத்து எழுதியபடி இருக்கும். ஓரத்தில் சாய்வாகக் குறிப்புகள் ஓடும். அது கல்லச்சு என்று சொன்னது மாமாதான். ஜெர்மனியின் பவேரியாவில் செனஃபெல்டர் என்பவர் 1796 வாக்கில் கண்டுபிடித்த முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் எழுத்தை ஏற்றுவார்கள். கல்லை நனைத்து மை ரோலரை ஓட்டினால் ஈரமான இடத்தில் எண்ணெய் மை ஒட்டாது, எழுத்தில் மட்டும் ஒட்டும். எழுதுகிறவர் கையெழுத்து அப்படியே நூற்றுக்கணக்கில் விழும். மாப்பிள்ளை ஆலிம் என்று ஊரே அழைக்கும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) போன்றவர்களின் அரபுத்தமிழ் எழுத்து வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்த எழுத்துக்கு இசைவாக இருந்தது கல்தான். அங்கே 'ஹ' தீர்ந்துபோகாது. எழுதுகிறவர் கை ஓயும்வரை 'ஹ' உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மாமாவின் டிரெடிலை மூலைக்குத் தள்ளிய ஆப்செட் அச்சும் அதே எண்ணெய்–தண்ணீர் பகைதான். கல்லுக்குப் பதில் உலோகத் தகடு. தகட்டிலிருந்து ரப்பர் துணிக்கு, துணியிலிருந்து காகிதத்துக்கு. கையச்சு முதலில், மெஷின் அப்புறம் என்று வரிசையாக நடந்ததாக நாம் பேசிக்கொள்கிறோம். எங்கள் வீட்டு அலமாரியில் அது அப்படி நடக்கவில்லை. பாட்டன் போன வழியில் பேரன் திரும்பி வந்து, நடுவிலிருந்த ஈயத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான்.

திரை நிறைய

1997 கடைசியில் ராமநாதபுரத்தில், கம்ப்யூட்டரிலேயே எழுத்துக் கோர்க்கும் டிடிபி கடை ஒன்று திறந்தது. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதிரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்பது போலத்தான் கிளம்பினார். ஏசி அறை, செருப்பை வெளியே விட வேண்டும். மீசை முளைக்காத பையன் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். மாமா சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார். எழுத்து வடிவங்களைக் காட்டச் சொன்னார். சில 'ழ' அவருக்குப் பிடிக்கவில்லை. வால் சரியில்லை என்றார். இன்றைக்கும் அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் சாதாரணமாகக் கேட்பது போல, "தம்பி, ஒரு ஹ போடுங்க" என்றார். பையன் போட்டான். "இன்னொண்ணு." போட்டான். "இன்னொண்ணு." இப்படி ஏழெட்டு ஆனதும் பையனுக்குச் சலித்துவிட்டது. விசையை அழுத்தி விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டான். திரையில் ஹ ஓட ஆரம்பித்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி, அதுவும் முடிந்து அடுத்தது. ஹஹஹஹஹஹ என்று திரை முழுக்க நிரம்பியது. படித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. மாமாவும் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பையன் பயந்துபோய் விரலை எடுத்தான்.

பஸ்ஸில் வரும்போது மாமா பேசவே இல்லை. திருப்புல்லாணி தாண்டியதும், "கடையை முடிச்சிரலாம் மருமகனே" என்றார். வருத்தமா என்று கேட்டேன். "இருபத்து நாலு ஹவை வெச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். இனி அவசியமில்ல" என்றார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவர் முகத்தில் அது இல்லை.

மெஷினை இரும்பு எடைக்கு மதுரையிலிருந்து வந்து எடுத்துப் போனார்கள். எழுத்தைக் கேட்டு வந்தவர் ஏர்வாடிப் பக்கத்து மீன்பிடிக்காரர். வலைக்கு ஈயம் வேண்டும் என்றார். மாமா ஒரு வாளி நிறைய அள்ளிக் கொடுத்தார். நாலு நாளில் அவர் திரும்பி வந்தார். "பாய், உங்க ஈயம் உடையுதே! கயித்துல சுத்தி நசுக்குனா பொரிவிளங்கா மாதிரி தெறிக்குது." ஆண்டிமனியின் வேலை அது. வார்க்கும்போது சுருங்காமல், அடி தாங்குகிற மாதிரி எழுத்தைக் கெட்டியாக்குவதும் அதுதான். வலைக்கயிற்றில் வளையவிடாமல் செய்வதும் அதுதான். சரி, உருக்கி மணியாக வார்த்துவிடலாம் என்று மாமா அவரோடு கிளம்பினார். நானும் போனேன்.

கடற்கரையில் தென்னை மட்டையும் கரியும் போட்ட அடுப்பு. இரும்புக் கரண்டியில் எழுத்துகளைக் கொட்டினார்கள். வெறும் ஈயத்தைவிட இந்தக் கலவை குறைந்த சூட்டிலேயே இளகும். மீன்பிடிக்காரர் எதிர்பார்த்ததற்கு முன்பே இளக ஆரம்பித்தது. முதலில் எழுத்தின் முகம் போனது. ஒரு 'தி'யின் கொக்கி மழுங்கியது, பிறகு அது 'தி'யா 'தீ'யா என்று தெரியாமல் ஆனது, பிறகு தண்டு மட்டும் நின்றது, பிறகு அதுவும் சாய்ந்தது. மேலே சாம்பல் நிறத்தில் கசடு திரண்டது. வருஷக்கணக்கான மையும் அழுக்கும். அவர் அதைக் குச்சியால் ஒதுக்கினார். அடியில் கண்ணாடி போல வெள்ளி. பெரிய சோழியளவு அச்சுகளில் ஊற்றினார்.

இந்தக் கரைக்கும் தமிழ் அச்சுக்கும் பழைய கணக்கு உண்டு. கிழக்கே வேதாளையில் 1549-இல் கிரிமினாலி பாதிரியார் கொல்லப்பட்ட பிறகு முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க மிஷனின் பொறுப்புக்கு வந்தவர்தான் அன்றிக் அடிகளார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் பதினாறு பக்கத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவத் தமிழ் நூலை அச்சேற்றியவர். அடுத்த நூற்றாண்டு போய் அதற்கடுத்தது வந்தபோது, தரங்கம்பாடியில் ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பருமனாக இருக்கின்றன என்று, பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். அங்கே டப்பா எழுத்தானது. இங்கே எழுத்து வலைமணியானது. மணி நன்றாகவே இருந்தது என்று அந்த மீன்பிடிக்காரர் பிறகு சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு கூடை நகரை மீனும் வந்தது.

சென்னைப் பையன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தக் குழி எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் இரண்டு முறை தடவிப் பார்த்தேன். ஆனால் அதை 'கையால் செய்தது' என்று அவன் சொல்லும்போது, மாமாவின் கை எதற்காகப் பழகியது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. மெஷின் பழசு, மை பழசு, மிதியும்கூட அப்படியே இருக்கலாம். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துத் திட்டுவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. இதை மாமாவிடம் சொன்னேன். "அவன் பேப்பர் தடிமனு. நம்ம பேப்பர் சல்லி. தடிச்ச பேப்பர் கெடச்சிருந்தா நானும் குத்தியிருப்பேனோ என்னமோ" என்றார். நான் கட்டிய கோட்டையை இப்படி ஒரு வார்த்தையில் சரிப்பது அவருக்கு வழக்கம்.

கிளம்புகிற நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு பழைய குட்டிக்கூரா பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே அந்த 'ஹ'க்கள். விற்கும்போது இவற்றை மட்டும் எடுத்து வைத்திருந்தாராம். ஞாபகத்துக்கா என்று கேட்டேன். "தனிக் காசு குடுத்து வாங்குனதுடா. எடைக்குப் போட்டா நட்டம்" என்றார். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து எண்ணினார். இருபத்து மூன்று. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். மறுபடியும் எண்ணினார். இருபத்து மூன்றுதான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடைசியாப் பிரிச்சுப் போட்டது நீதானே?"